பட்டியலில் மூன்று பேர், வார்டில் ஒருவர்: ஓர் ஆடி அமாவாசை இரவின் நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மாவட்டத் தலைநகரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஓர் அரசு மருத்துவமனை. ஊர்ப்பெயர் வேண்டாம். ஆட்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அங்கே சுகப்பிரசவம் பார்ப்பார்கள். சிசேரியன் வசதி இல்லை, ரத்த வங்கி இல்லை. சிக்கல் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். மதுரைக்கு ஓடுவதோடு ஒப்பிட்டால் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரி இந்தக் கரைக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் அந்த ஒரு மணி நேரச் சாலை அப்படியே இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு முந்தின இரவு. 24 வயதுப் பெண், இரண்டாவது பிரசவம், 10.50 மணிக்கு 3.6 கிலோ எடையில் ஆண் குழந்தை. நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டது, தையல் இல்லை. கர்ப்பப்பை சுருங்க வழக்கமாகப் போடும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் போடப்பட்டிருக்கிறது. நள்ளிரவு தாண்டி 1.25 மணிக்கு அவருக்கு ரத்தப்போக்கு இருப்பது தெரியவந்தபோது பிபி 80/50, நாடி 136. பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்.

ஆகவே இது மரண ஆய்வு அல்ல, நூலிழையில் தப்பிய கேஸ். இப்படித் தப்பிய தாய்மாரின் கேஸ்களையும் ஆராய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014 டிசம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. யாரும் சாகவில்லை என்பதால் ஆட்கள் கொஞ்சம் வாய் திறந்து பேசுகிறார்கள். இந்த வகை ஆய்வில் எனக்குப் பிடித்தது அதுதான். நான் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அங்குள்ள தலைமை மருத்துவர் கேட்டுக்கொண்டதால் பணிப்பட்டியல், நள்ளிரவு சென்சஸ் (உள்நோயாளிகளின் தலைக்கணக்கு), கேஸ் ஷீட்டுகள், ரிப்போர்ட் புக், 108 வண்டி வந்துபோன நேரம் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவற்றைத் தனித்தனியாகப் படித்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

இரவு டூட்டிப் பட்டியலில் மூன்று நர்ஸ்களின் பெயர் இருந்தது. ஒருவர் லேபர் வார்டுக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய பி.என். வார்டுக்கும். இன்னொருவர் ஆண், பெண் பொது வார்டுகளுக்கு. மூன்றாமவர் அவசரப் பிரிவுக்கு. இந்த மூன்றாமவரின் பெயருக்கு எதிரே பென்சிலால் ‘கேம்ப்’ என்று எழுதியிருந்தது. ஆடி அமாவாசை என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் மட்டுமில்லை, தேவிபட்டினம், சேதுக்கரை, மாரியூர் என்று இந்தக் கரை நெடுகக் கூட்டம்தான். தீர்த்தக்கரைகளில் மருத்துவ முகாம் போட்டாக வேண்டும். முகாமுக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து வரும்? சுற்றுவட்டார மருத்துவமனைகளின் பட்டியலிலிருந்துதான்.

ஆக இரண்டு பேர். நள்ளிரவு சென்சஸ் 27: பிரசவித்த தாய்மார் ஐந்து, கர்ப்பிணிகள் இரண்டு, ஆண் வார்டில் 11, பெண் வார்டில் 9.

இரவு 11.35க்கு அந்தக் கர்ப்பிணிகளில் ஒருவருக்குத் தலைவலி, கண் மங்கல். முதல் பிரசவம், 36 வாரம், பிபி 170/110. எந்த நேரமும் வலிப்பு வரலாம். லேபர் வார்டில் நர்ஸின் கண் படும் இடத்தில் இருந்த மேசை ஒன்றே. பிரசவமாகி ஒரு மணி நேரம்கூட ஆகாத நம் பெண்ணை 11.45க்கு பி.என். வார்டுக்கு மாற்றிவிட்டு, அந்த மேசையில் கர்ப்பிணியைக் கிடத்தினார்கள். டூட்டி டாக்டர் வந்தார். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் இரண்டு இடுப்பிலும் ஐந்தைந்து கிராம் போட்டார்கள், பிபிக்கு மாத்திரை, சிறுநீர்க் குழாய், 108க்கு போன். எல்லாமே சரியான காரியம். வண்டி வந்தது, அதில் இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர். “வழியில ஃபிட்ஸ் வந்தா இ.எம்.டி. தம்பி ஒருத்தரால சமாளிக்க முடியாது, நீங்க கூடப் போயிருங்க சிஸ்டர்” என்றார் டாக்டர். இதுவும் சரியான முடிவே. 12.10க்கு லேபர் வார்டு நர்ஸ் வண்டியில் ஏறினார். ஏறுமுன் பொது வார்டு நர்ஸிடம், “பி.என்.ல அஞ்சு பேரு இருக்காங்க, ஓரக் கட்டில் இப்பத்தான் டெலிவரி, ஒரு கண்ணு வச்சுக்கோம்மா” என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் கேஸ் ஷீட்டைப் பிரித்து முறையாக ஹேண்டிங் ஓவர் கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதுவது சுலபம். வண்டியின் பின்கதவு திறந்திருக்க, உள்ளே வலிப்பு வரப்போகிறவள் படுத்திருக்க, அதைச் செய்வது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்த 75 நிமிடத்தில் வார்டில் மிஞ்சிய நர்ஸ் செய்த வேலை ரிப்போர்ட் புக்கிலும் கேஸ் ஷீட்டுகளிலும் சிதறிக் கிடக்கிறது. பெண் வார்டில் மூச்சிரைப்போடு இருந்த பாட்டிக்கு நெபுலைசர். ஆண் வார்டில் கை வீங்கிய ட்ரிப்பைக் கழற்றி வேறு கையில் ஊசி ஏற்றியது. 12.45க்கு நாட்டுப்படகுக்காரர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள்; காலில் திருக்கை முள். அந்த வலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆறடி ஆள் குழந்தை மாதிரி அலறுவார். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை முக்கி வைப்பதே முதல் வைத்தியம். தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். மருத்துவமனைப் பணியாளர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நிற்க, வெந்நீர் வைத்ததும் நர்ஸ்தான். டாக்டர் முள் குத்திய இடத்தைச் சுத்தம் செய்ய, இவர் டிடி எனப்படும் டெட்டனஸ் தடுப்பூசியும் வலி ஊசியும் போட்டார்.

நடுவில் 12.30 வாக்கில் பி.என். வார்டை எட்டிப் பார்த்திருக்கிறார். குழந்தைகள் தூங்க வேண்டும் என்று விளக்கை அணைத்திருந்தார்கள். எல்லோரும் படுத்திருந்தார்கள். “அசந்து தூங்குதுன்னு நெனச்சேன் மேடம்” என்றார் என்னிடம். மயக்கத்துக்கும் தூக்கத்துக்கும் வாசலில் நின்று வித்தியாசம் தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும். வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டும், துணியை விலக்கிப் பார்க்க வேண்டும், சிறுநீர் கழித்தாளா என்று கேட்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய்வருகிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் தசை இறுகி ரத்தக்குழாய்களை நெரித்தால்தான் அது நிற்கும். நிறைந்து கிடக்கும் மூத்திரப்பை ஒன்றே போதும், கர்ப்பப்பை இறுகாமல் தளர்ந்துவிடும். இந்தப் பெண்ணுக்கு அதுவே நடந்திருக்கிறது. பிறகு குழாய் போட்டபோது வந்த சிறுநீர் 700 மில்லி.

பெண்ணின் அம்மா கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார். மடித்துப் போட்டிருந்த பழைய சேலை, ரெக்சின் விரிப்பு எல்லாம் தாண்டி, கட்டில் ஓரமாக வழிந்து அவர் பாய் நனைந்த பிறகுதான் விழித்திருக்கிறார். “சிஸ்டர், பாயெல்லாம் நனைஞ்சு கெடக்கு, வெரசா வாங்க” என்று ஓடி வந்தபோது மணி 1.25.

அதற்குப் பிறகு அந்த நர்ஸ் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு கையால் வயிற்றைப் பிசைந்துகொண்டே டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு கையிலும் ட்ரிப், ஒன்றில் ஆக்ஸிடோசின் 20 யூனிட், டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், நாக்கடியில் மிசோப்ரோஸ்டால், சிறுநீர்க் குழாய். போக்கு குறைந்தது, நிற்கவில்லை. ரத்தம் ஏற்றியாக வேண்டும். வழக்கமாக வரும் 108 முதல் கேஸோடு ராமநாதபுரத்தில் நின்றது. அடுத்த வண்டி வர 40 நிமிடத்துக்கு மேல் ஆனது. ரத்தம் இழந்து உடல் குலைவதைத் தாமதப்படுத்தும் அதிர்ச்சி தடுப்பு உடையைக் கால் முதல் வயிறு வரை இறுகக் கட்டி 2.15க்கு ஏற்றினார்கள். கூடப் போக நர்ஸ் இல்லை. அவர் போனால் மருத்துவமனையில் ஒருவரும் இல்லை. டாக்டரும் போக முடியாது. அந்த இரவில் வண்டிக்குள் நர்ஸ் மிக அவசியமாக இருந்த பயணத்தில் இ.எம்.டி.யும் பெண்ணின் அம்மாவும் மட்டும் போனார்கள்.

3.15க்கு ராமநாதபுரத்தில் இறக்கியபோது ஸ்ட்ரெச்சரைப் பிடித்தவர்களில் முதல் வண்டியில் போன நம் லேபர் வார்டு நர்ஸும் ஒருவர். முதல் கேஸை ஒப்படைத்து முடிந்ததும் அவரைக் கொண்டுபோன வண்டிக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது. 108 நோயாளிக்கான வண்டி, நர்ஸைத் திருப்பிக் கொண்டுவிடுவது அதன் வேலையில்லை. முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர் விடிந்த பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தார்.

மறுவாரம் பொது வார்டு நர்ஸுக்கு மெமோ வந்தது. பிரசவித்த முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியதை ஏன் பார்க்கவில்லை, அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(ஏ) பிரிவின் கீழ் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, விளக்கம் தருக. மெமோவில் சொன்ன விதி சரிதான். எட்டு முறை பார்க்க வேண்டிய இடத்தில் கேஸ் ஷீட்டில் மூன்று பதிவுகளே இருக்கின்றன. மூன்றும் 11.40க்கு முந்தியவை, லேபர் வார்டு நர்ஸின் கையெழுத்து. ஆனால் மெமோ கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்த எட்டு முறைக்கு எத்தனை நிமிடம் ஆகும்? பிபி, நாடி, வயிறு, துணி, மூத்திரப்பை, குழந்தையின் மூச்சு, சூடு, தொப்புள்கொடி, பால் குடிக்கிறதா என்று ஒழுங்காகப் பார்த்து எழுத ஐந்து நிமிடம் என்றால், ஒரே ஒரு தாய்க்கு இரண்டு மணி நேரத்தில் 40 நிமிடம். நெபுலைசரும் ட்ரிப்பும் திருக்கை முள்ளும் போக மிச்சம் இருந்த நேரத்தில் அந்த 40 நிமிடம் இல்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். பட்டியலைப் பார்த்தால் 27 பேருக்கு மூன்று நர்ஸ், ஒருவருக்கு ஒன்பது நோயாளி. அதுவே நல்ல கணக்கு இல்லை, ஆனாலும் தாளில் பார்க்கச் சகிக்கும். கேம்ப்புக்கு ஒருவர் போனதும் ஒருவருக்கு 13, 14. ஆம்புலன்ஸ் கிளம்பியதும் மிச்சம் 26 பேருக்கு ஒருவர். இதில் ஐந்து பச்சைக் குழந்தைகள் சேரவில்லை. நம் சென்சஸில் தாயும் சேயும் ஒரு தலைதான். குழந்தையைத் தனியாக அட்மிட் பண்ணினால் மட்டுமே அது எண்ணிக்கைக்குள் வரும். குழந்தைகளையும் திருக்கை முள் குத்தியவரையும் சேர்த்தால் 32 உயிருக்கு ஒரு நர்ஸ். மூன்று பேர் பெயர் போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு விசாரணை நடத்தினால் ‘மூணு பேர் இருந்தும்’ என்றுதான் ஆரம்பிக்கும், அப்படித்தான் ஆரம்பித்தது.

நர்ஸுக்கு இத்தனை நோயாளி என்று சட்டமாகவே போட்ட இடங்கள் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா 1999ல் சட்டம் இயற்றி 2004ல் அமல்படுத்தியது. பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் அங்கே தாயும் சேயும் ஒரு ஜோடி என்று எண்ணி, நான்கு ஜோடிக்கு மேல் ஒரு நர்ஸிடம் கொடுக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016ல் பகலில் நான்கு, இரவில் ஏழு என்று வரம்பு வைத்தது. லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை நோயாளிகளை வைத்து 2002ல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தின் மூலக்கல்: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நம் இந்திய நர்சிங் கவுன்சிலும் பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், போதனா மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்கென 30 சதவீதம் என்று அளவு சொல்லியிருக்கிறது. அது சட்டமில்லை.

அளவு இருக்கிறது, எண்ணும் விதத்தில்தான் கோளாறு. 30 படுக்கை, ஆறுக்கு ஒருவர் என்று வகுத்து ஐந்து பணியிடம் ஒதுக்கிவிட்டு விகிதம் சரியாகிவிட்டது என்பார்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். வார ஓய்வு, அரசு விடுமுறை, தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு எல்லாம் கழித்தால் ஒரு நர்ஸ் வருடத்தில் ஏறக்குறைய 250 நாள், நாளுக்கு எட்டு மணி என்று 2,000 மணி நேரம் வருவார். ஆகவே ஒரே ஒரு இடத்தில் இரவும் பகலும் ஒருவர் நிற்க நான்கு பேருக்கு மேல் வேண்டும். ஐந்து பேரைக் கொடுத்தால் எந்த நேரத்திலும் வார்டில் நிற்பது ஒருவர்தான், அதாவது முப்பதுக்கு ஒருவர். பிரசவ விடுப்பு இந்தக் கணக்கிலேயே இல்லை. 2021 ஜூலை முதல் தமிழக அரசு ஊழியர்களுக்கு அது 12 மாதம். வரவேற்க வேண்டிய உரிமை. பெண்களே நிறைந்த வேலையில் அதற்கு மாற்று ஆள் போடாமல் விட்டால், ஒருத்தியின் பிரசவத்துக்கு இன்னொருத்தியின் பிரசவ வார்டு விலை கொடுக்கிறது.

ஆனால் இந்த விகிதங்கள் எதிலும் சாலை இல்லை. ரத்த வங்கி மேல்மாடியில் இருக்கும் மருத்துவமனைக்குப் போட்ட கணக்கு அவை. நம் கரையில் ஒரு ரெஃபரல் என்றால் போக ஒரு மணி, ஒப்படைக்க அரை மணி, திரும்பி வர பஸ் நேரம். மாலை நேரம் என்றால் மூன்று மணி நேரத்துக்கும், நள்ளிரவு என்றால் விடியும் வரைக்கும் ஒரு நர்ஸ் கழிந்துவிடுகிறார். தொண்டிப் பக்கமானாலும் சாயல்குடிப் பக்கமானாலும் ராமேஸ்வரத் தீவானாலும் இதே கதைதான். தீவில் பாம்பன் பாலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிக்கலான கேஸை மேலே அனுப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள், அனுப்புவதற்கு ஆகும் ஆளைக் கணக்கில் எழுதுவார் இல்லை. என் கணிப்பில் இந்தக் கேஸின் வேர் இதுதான். கேம்ப் அதை மோசமாக்கியது, அவ்வளவே. கேம்ப் இல்லாத இரவிலும் ரெஃபரல் கிளம்பியிருந்தால் மீதி இரண்டு பேர்தான்.

தலைமை மருத்துவரிடம் பேசும்போது அவர் ஆள் பற்றாக்குறையைத்தான் முதலில் சொன்னார். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவேன் என்று மிரட்டப் பயன்பட்ட மாவட்டம் இது. வெளி மாவட்டத்திலிருந்து போஸ்டிங் வாங்கி வருகிறவர்கள் இடமாறுதல் கலந்தாய்வு எப்போது என்றே காத்திருக்கிறார்கள், போன இடம் நிரம்ப மாதங்கள் ஆகும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015ல் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாயில் ஆரம்பித்தார்கள். போராடிப் போராடி அது 18,000 ஆனது. அந்தச் சம்பளத்தில் இங்கே வீடு வாடகைக்கு எடுத்து, குடத்துக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாங்கிக் குடியிருக்க யார் விரும்புவார்? அன்று இரவு வார்டில் தனியாக நின்றவரும் ஒப்பந்த நர்ஸ்தான். ஒப்பந்தத்தில் இருப்பவர் ‘என்னால் தனியாக முடியாது, ஆள் அனுப்புங்கள்’ என்று இரவு 12 மணிக்கு மேலதிகாரியை எழுப்பத் தயங்குவார். அவர் எழுப்பவில்லை என்பதும் மெமோவில் ஒரு குற்றமாக இருந்தது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். ராமநாதபுரம் 2018லேயே மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்ந்தது. மாதந்தோறும் புள்ளிவிவரம் போகிறது. இந்தப் பெண்ணும் அதில் வெற்றிகரமான மருத்துவமனைப் பிரசவமாகவே பதிவானார்.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பிரசவத் துணையாக வருகிற அம்மாவுக்கோ மாமியாருக்கோ வயிறு கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும், துணி நனைந்தால் கூப்பிடவும் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான், நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் நாள் முழுக்க வலியோடு கூட நின்று அசந்துபோன ஒரு அம்மாவை நர்ஸுக்குப் பதில் ஆளாகக் கணக்கில் எழுதிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. எழுதிவிடுவார்கள். அதனால் அதை அறிக்கையின் பரிந்துரைகளில் சேர்க்காமல், வழக்கமான பயிற்சியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

பரிந்துரையில் முதலாவது, பிரசவித்த தாய் இரண்டு மணி நேரம் முடியாமல் லேபர் வார்டை விட்டு நகரக் கூடாது. மேசை போதவில்லை என்றால் பக்கத்தில் ஒரு கட்டில் போடுங்கள். இதற்கு அரசாணை வேண்டாம், மறுநாளே கட்டில் வந்துவிட்டது. வழியும் ரத்தத்தை அளக்க, அடியில் அளவுகோடு போட்ட பை வைத்த விரிப்பையும் வாங்கச் சொன்னேன். நைஜீரியா, கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்காவில் நடத்தி 2023ல் வெளியான ஆய்வில் அந்த விரிப்போடு சிகிச்சையை ஒரே மூச்சில் கொடுத்தபோது கடும் ரத்தப்போக்கு முதலான மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. ஆனால் பையைப் பார்க்க ஆள் வேண்டும்.

அடுத்தது பட்டியல். தாயும் சேயும் இரண்டு தலையாக எழுதப்பட வேண்டும். கேம்ப்புக்கு, டைவர்ஷனுக்கு (வேறு இடத்தில் தற்காலிகப் பணி), ரெஃபரலுக்குப் போனவர் பெயர் அந்த நிமிடத்திலிருந்து அடிக்கப்பட்டு, மிச்சம் எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ் என்ற எண் ரிப்போர்ட் புக்கில் நேரத்தோடு பதிவாக வேண்டும். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் என்றைக்கு என்று காலண்டரில் ஒரு வருடம் முன்பே தெரியும், ஆகவே கேம்ப்புக்கு ஆள் ஓ.பி.யிலிருந்து போகட்டும், இரவு டூட்டியிலிருந்து வேண்டாம். ரெஃபரலோடு ஒரு நர்ஸ் கிளம்பினால் உள்ளூரில் குடியிருக்கும் நர்ஸ்களில் ஒருவர் முறைப்படி, கூப்பிட்டால் வரும் ‘கால் டூட்டி’யில் வர வேண்டும், அதற்கு மறுநாள் ஈடு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். இந்தக் கடைசி வரியை முதலில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வு கொடுக்க ஆள் எங்கே என்றார்கள். ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். இப்போது நான்கு பேர் சுழற்சியில் வருகிறார்கள்.

மெமோ ‘எதிர்காலத்தில் கவனமாக இருக்க’ என்ற எச்சரிக்கையோடு முடிந்தது. 75 நிமிடக் கணக்கை அந்த நர்ஸின் விளக்கத்தோடு இணைத்துக் கொடுத்தோம். எச்சரிக்கையும் தேவையில்லை என்பது என் கருத்து, அதை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். ரெஃபரலோடு போகும் நர்ஸைத் திருப்பிக் கொண்டுவர வண்டி அல்லது பயணப்படி வேண்டும் என்ற கோரிக்கை மாவட்ட அளவில் கோப்பில் இருக்கிறது. அது வரும் வரை, திரும்பி வரும் ஆட்டோவுக்கு மருத்துவமனையின் சில்லறைச் செலவுக் கணக்கிலிருந்து கொடுக்கிறார்கள். தணிக்கையில் அதற்கு ஆட்சேபம் வரும் என்று இளநிலை உதவியாளர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.